முகவரி எங்கே போனது? கிருஷ்ணகிரியில் ஒரு தேடுபொறியின் புதிய பக்கத்தைச் சோதித்தபோது

ஒரு தேடுபொறி தன் முடிவுகள் பக்கத்தை அடியோடு மாற்றியிருந்தது. எல்லோருக்கும் திறந்துவிடும் முன் தமிழில் தேடுகிறவர்களிடம் கொடுத்துப் பார்க்க முன்னோட்டப் பதிப்பு ஒன்றைத் தந்தார்கள். மென்பொருள்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. வேலை ஓசூரில், சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பெங்களூரில் கண்ணாடி அறைக்குள் நடத்துவதற்குப் பதில் கிருஷ்ணகிரியில் நடத்தலாமா என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். தேடுபொறியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பழைய பக்கம், புதிய பக்கம் என்றே சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பக்கம் வேகமானது, விரலுக்கு வசதியானது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு விடை யாரிடமிருந்து வருகிறது, என்றைக்கு எழுதப்பட்டது என்ற இரண்டையும் அது கண்ணிலிருந்து நகர்த்திவிட்டது. எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு தேடல் உருப்படுவதும் வீணாவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

என்ன மாறியிருந்தது

பழைய பக்கத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் மேலே தளத்தின் முகவரி இருக்கும். அதன் கீழே நீல எழுத்தில் தலைப்பு, அதற்கும் கீழே இரண்டு வரி விளக்கம். புதிய பக்கத்தில் தேடியவுடன் மேலே பெரிய பெட்டி ஒன்று வருகிறது. பல தளங்களில் இருப்பதைச் சேர்த்து இயந்திரமே எழுதிய சுருக்கமான விடை அது. பெட்டிக்குக் கீழே முடிவுகள் அட்டை அட்டையாக வரும். அட்டையில் முகவரி கிடையாது. தளம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரும் ஒரு குட்டிச் சின்னமும்தான். தலைப்புக்கு ஒரே வரி. படங்கள், செய்திகள், வீடியோ என்ற பிரிவுகள் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் பட்டையாகிவிட்டன, தேடலுக்குத் தகுந்தபடி அவற்றின் வரிசையும் மாறும். குரலில் தேடும் மைக் பட்டன் திரையின் அடிப்பகுதிக்கு, கட்டைவிரல் எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது.

யாரிடம், எப்படி

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவர் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறார். அங்கே வருகிறவர்களில் விருப்பப்பட்டவர்களிடம்தான் சோதித்தோம். கற்பனையான வேலை எதையும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கே தேவைப்பட்டதைத் தேடச் சொன்னேன். சிலருக்கு முதலில் பழைய பக்கம், சிலருக்கு முதலில் புதியது. எல்லோரிடமும் ஒரே வரிசையில் கொடுத்தால், இரண்டாவதாக வருவது பழக்கத்தாலேயே எளிதாகத் தோன்றிவிடும். தேடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அனுமதி வாங்கித்தான் திரையைப் பதிவு செய்தோம். பட்டா எண், செல்பேசி எண் வரும் இடங்களில் பதிவை நிறுத்திவிட்டோம்.

ஐந்து பேரிடம் கவனமாகச் சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் குறைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்று இந்தத் துறை ஆய்வாளரான ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனர்களுக்குப் பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கல்லூரி மாணவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் எத்தனை பேர் என்பதைவிட எத்தனை விதமானவர்கள் என்று பார்த்தேன். மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர், சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன், சிட்டா நகலுக்காக வந்த அம்மா, தக்காளி வியாபாரி, கல்லூரி மாணவி, ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்யும் அக்கா என்று ஆட்கள் அமைந்தார்கள்.

அளவுகோலாக, பயன்படுத்த எளிதா என்பதை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநிலையை வைத்துக்கொண்டேன். 1998-ல் வந்து 2018-ல் திருத்தப்பட்டது அது. நினைத்த வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு சிரமப்பட்டு முடிந்தது, முடித்தவருக்குத் திருப்தியா என்று மூன்றாகப் பார்க்கச் சொல்கிறது. மூன்றும் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும் என்பதில்லை. சிரமமே இல்லாமல், முழுத் திருப்தியோடு, தப்பான இடத்துக்குப் போய்ச் சேரவும் முடியும். எங்கள் சோதனையில் பெரும்பாலும் அதுதான் நடந்தது.

சிட்டா எடுக்க வந்த அம்மா

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். பயிர்க்கடனுக்காகச் சிட்டா நகல் வேண்டும். தமிழக அரசு இதற்கென்றே ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற நில ஆவணச் சேவைத் தளத்தை வைத்திருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் பட்டா, சிட்டா விவரத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். ஆனால் இதே பெயர்களை வைத்துக்கொண்டு தனியார் தளங்களும் நிறைய இருக்கின்றன. சில வெறும் விளக்கக் கட்டுரைகள், விளம்பரத்துக்காக எழுதப்பட்டவை. வேறு சில உங்கள் பெயரையும் செல்பேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அவர் மைக்கில் “பட்டா சிட்டா பாக்கணும்” என்றார். புதிய பக்கம் அதைப் பிசகாமல் எழுதிக்கொண்டது. முடிவுகளில் முதல் அட்டையிலேயே விரல் வைத்துவிட்டார். ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். “கோபுரம் போட்டிருக்குதே, அதான்” என்றார். தமிழ்நாடு அரசின் சின்னத்தில் கோபுரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தளம் கோபுரம் மாதிரி ஒரு படத்தைத் தன் சின்னமாக வைத்திருந்தது. பெயரும் அரசுத் தளம் போலவே தொனித்தது. உள்ளே போனதும் பெயரையும் போன் நம்பரையும் கேட்டது. அந்த இடத்தில் நான் குறுக்கிட்டு நிறுத்திவிட்டேன். சோதனை முக்கியம்தான், அதற்காக அவருடைய எண்ணை யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

அப்புறம் பழைய பக்கத்தில் அதையே தேடச் சொன்னேன். இந்த முறை விரல் அவசரப்படவில்லை. முகவரிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கினார், மூன்றாவது முடிவில் நின்றார், அழுத்தினார். அரசுத் தளம் திறந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிந்தால் அது கவர்ன்மென்ட் தளம் என்று மகன் சொல்லிக் கொடுத்து, அந்த எழுத்துகளின் வடிவத்தைக் காட்டியிருக்கிறான். அதைத்தான் தேடியிருக்கிறார். புதிய பக்கத்தைத் திரும்பக் காட்டியபோது, “அந்த எழுத்து இதுல எங்க தம்பி வரும்? காணோமே” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன். வடிவமைப்பாளர்கள் முகவரியை எடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: நீளமாக, குழப்பமாக இருக்கிறது, சாதாரண மக்கள் அதைப் படிப்பதில்லை. இந்த எண்ணம் புதிதல்ல. 2015-லேயே கூகுள் தன் செல்பேசி முடிவுகளில் முகவரிக்குப் பதிலாகத் தளத்தின் பெயரையும் அதற்குள் இருக்கும் பாதையையும் காட்டத் தொடங்கியது. ஆனால் படிப்பது வேறு, அடையாளம் பார்ப்பது வேறு. தளத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சின்னத்தையும் அப்படித்தான். ‘ஜிஓவி டாட் இன்’ என்ற முடிவை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. போலி செய்ய முடியாத அந்த ஒரே அடையாளத்தை எடுத்துவிட்டு, எளிதில் போலி செய்யக்கூடிய இரண்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது புதிய பக்கம்.

விளம்பர விஷயத்திலும் இதே கதைதான். விளம்பர முடிவுகளுக்கு மேல் ‘ஸ்பான்சர்டு’ என்று வெளிறிய சாம்பல் நிறத்தில் சின்னதாக எழுதியிருந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன வலை அணுகல் வழிகாட்டுதல்கள். இது அதைத் தொடவில்லை. பெரியவர்களில் ஒருவர் கண்ணிலும் அந்தச் சொல் படவில்லை. தேடுபொறிகள் விளம்பரத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002-லும் 2013-லும் கடிதம் எழுதியது. கூகுள் 2013-ல் மஞ்சள் முத்திரை வைத்தது, 2016-ல் அதைப் பச்சையாக்கியது. 2020 ஜனவரியில் கணினித் திரையில் எல்லா முடிவுகளுக்கும் சின்னம் வைத்து, விளம்பரத்துக்கும் அதே இடத்தில் கறுப்பு எழுத்தில் குறி போட்டபோது, இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பின்வாங்கி மாற்றினார்கள். இவ்வளவு நடந்த பிறகும் இன்னொரு தேடுபொறி அதே பாதையில் போவது எனக்கு வருத்தமாக இருந்தது.

இ-சேவை அக்காவிடம் பட்டாவைத் தேடிக் காட்டச் சொன்னேன். அவர் தேடவே இல்லை. அரசுத் தள முகவரியை நேராகத் தட்டிவிட்டார். “சர்ச்ல போனா எங்கயாவது கொண்டுபோய் விட்ருங்க. எங்களுக்கு அட்ரஸ் எல்லாம் மனப்பாடம்” என்றார். நாள் முழுக்க இந்த வேலையையே செய்கிற ஒருவர் தேடுபொறியை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பதை நிறுவனம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாதியில் அறுந்த தலைப்புகள்

ஒரு வரித் தலைப்பு ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; எழுத்தும் அகலம் எடுக்கும். போதாததற்கு, இங்கே பலரும் செல்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். மாணவி உதவித்தொகை பற்றித் தேடியபோது வரிசையாக நின்ற அட்டைகளில் எல்லாம் ‘பிற்படுத்தப்பட்டோர் மாணவர்க…’ என்றே தலைப்பு இருந்தது. எது விண்ணப்பம், எது செய்தி, எது போன வருடத்து அறிவிப்பு என்று பிரிக்க வழியே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினார். வடிவமைப்புக் குழு தமிழில் ஒரு நாள் புழங்கிப் பார்த்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மாம்பூ கருகிய தோப்பு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா என்றால் பெரும்பாலும் கிளிமூக்கு போல வளைந்த நுனியோடு இருக்கும் பெங்களூரா. கூழ் ஆலைகளுக்குப் போகிற காய். பூக்கும் பருவத்தில் பூங்கொத்து கருகினால் அந்த வருடத்து வருமானமே போய்விடும். பெரியவர் தேடியது “மாம்பூ கருகுது என்ன மருந்து”.

புதிய பக்கத்தின் விடைப் பெட்டி தயங்காமல் சாம்பல் நோய் என்றது. நனையும் கந்தகம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கச் சொன்னது. சாம்பல் நோய்க்கு அது பரிந்துரைக்கப்படும் மருந்துதான். ஆனால் அவர் தோப்பில் சாம்பல் நோய்க்குரிய வெள்ளைப் பூச்சு இல்லை. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கறுப்பு. பேசிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். அது தத்துப்பூச்சியின் அறிகுறி. பூங்கொத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு அது கழிக்கும் இனிப்பான திரவத்தில் கரும்பூசணம் படர்கிறது. மருந்து வேறு.

பழைய பக்கத்தில் அதே தேடலுக்கு இரண்டு பாதிப்புக்குமான படங்களும், கீழே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளமும் வந்தன. அவர் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, “இதுங்க நம்மளது” என்று தத்துப்பூச்சியைக் காட்டினார். ஒரே கேள்விக்கு இரண்டு காரணம் இருக்கும்போது, இரண்டையும் காட்டினால் விவசாயி தானே பிரித்துக்கொள்வார். தோப்பைப் பார்த்தவர் அவர்தான். பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை ‘மேலும் காட்டு’ என்ற பட்டனுக்குப் பின்னால் வைத்துவிட்டது. அறுவடைக்கு எத்தனை நாள் முன்பே மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையும் அந்தப் பட்டனுக்குப் பின்னால்தான் கிடந்தது.

இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பலர் இந்தப் பெட்டியைப் படித்துவிட்டு நிறுத்துவதில்லை. செல்பேசியை அப்படியே மருந்துக்கடைக்காரரிடம் நீட்டுவார்கள். “இதைக் கொடுங்க” என்று. அந்தத் திரை மருத்துவச் சீட்டு போல ஆகிவிடுகிறது. யார் எழுதிய சீட்டு என்று மட்டும் அதில் இல்லை. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பெரியவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விடை அங்கிருந்து வந்ததா, ஒரு மருந்து விற்பனைத் தளத்திலிருந்து வந்ததா என்று பெட்டியில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்திருப்பார்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுதா?

வேன் ஓட்டும் அண்ணனுக்கு மறுநாள் ஒகேனக்கல் சவாரி. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு வழியாக இங்கே வெள்ளம் வரும். நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும், குறைந்தால் எடுக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் இந்தச் செய்தி கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வரும். கன அடி எண் மட்டும் மாறும். இப்படிப்பட்ட தேடலில் தேதிதான் உயிர்.

பெட்டி ஒரு கன அடி எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, பரிசல் இயக்கத் தடை என்றது. தேதி இல்லை. அண்ணன் உடனே, “இது என்னைக்குள்ளது?” என்று கேட்டார். நல்ல வேளை, கேட்கத் தெரிந்தவர். பெட்டிக்குக் கீழே மூலச் செய்தியைத் திறந்து பார்த்தால் அது முந்தைய வருடத்துச் செய்தி. செய்திகள் பிரிவுக்குப் போகலாம் என்று பட்டையைத் தள்ளினார். முதல் தேடலில் இரண்டாவதாக இருந்த ‘செய்திகள்’ இப்போது கடைசிக்குப் போயிருந்தது. கடைசியில் அங்கே பரிசல் ஓட்டும் ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

பாலக்கோடு, பாலக்காடு

தக்காளி வியாபாரி பாலக்கோட்டு மார்க்கெட் விலையைத் தேடினார். புதிய பக்கம் எதையும் கேட்காமல் அதைப் பாலக்காடு என்று திருத்தி, கேரள விலையைக் காட்டியது. ‘இதற்குப் பதிலாகத் தேடுக’ என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. விலை ஏன் இவ்வளவு ஏறிக் கிடக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். பர்கூரிலும் இதே சிக்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரைத் தேடினால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையும் பர்கூர் மாடும் முன்னால் வந்து நின்றன. ஊர்ப் பெயரைத் திருத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எழுத்துப் பிழையைத் திருத்துவது நல்ல உதவி, இருக்கிற ஊரையே மாற்றுவது உதவியாகாது.

நன்றாக அமைந்தது

மைக்கை கீழே கொண்டுவந்ததை மனதாரப் பாராட்டுகிறேன். பெரிய திரைச் செல்பேசியை ஒரு கையில் பிடித்து, மறுகையில் பை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இது பெரிய வசதி. தட்டத் தெரியாத பெரியவர்கள் எல்லோரும் எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்தார்கள். பேச்சுத் தமிழையும் நன்றாகவே புரிந்துகொண்டது. ‘மாத்தறது’ என்று சொன்னாலும் ‘மாறுதல்’ என்று எழுதிய பக்கத்தைக் கொண்டுவருகிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் தமிழ்ப் பக்கங்களே வருகின்றன. பழைய பக்கம் இதில் ரொம்பவே தடுமாறியது. இந்த மூன்றுக்காகவே புதிய பக்கத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்பது என் எண்ணம்.

திருப்தியை அளந்தபோது

ஒரு மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று பயனரிடமே கேட்க, 1986-ல் ஜான் புரூக் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாள் உலகமெங்கும் புழங்குகிறது. நூற்றுக்குக் கணக்கிட்டால் 68-ஐச் சராசரி என்று எடுத்துக்கொள்வார்கள். அதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கேட்டேன். எங்கள் ஊர் மரியாதை குறுக்கே வந்தது. ஊர் தேடி வந்தவன் காட்டுகிற பொருளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. “நல்லாத்தாங்க இருக்குது” என்றே எல்லா வாக்கியத்துக்கும் பதில். தப்பான தளத்துக்குப் போனவர்களும் அப்படியே சொன்னார்கள். அந்த மதிப்பெண்ணை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். சேர்த்திருந்தால் புதிய பக்கம் பெரிய வெற்றி என்று யாராவது ஒரு கூட்டத்தில் காட்டியிருப்பார்கள். விரல் எங்கே நின்றது, எங்கே தயங்கியது, எங்கே தவறிப்போனது என்பதையே ஆதாரமாக வைத்தேன்.

எழுதி அனுப்பியதும் வந்த பதிலும்

அட்டையில் முகவரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் எழுதினேன். விடைப் பெட்டியில் எண், விலை, மருந்து அளவு எது வந்தாலும் அதன் பக்கத்திலேயே மூலமும் தேதியும் வேண்டும். தமிழ்த் தலைப்புக்கு இரண்டு வரி வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

தலைப்பையும் ஊர்ப் பெயரையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து வந்த பதிப்பில் பாலக்கோடு பாலக்கோடாகவே நிற்கிறது. நீர்வரத்து, விலை, வானிலை போன்ற தேடல்களுக்குப் பெட்டியில் தேதியும் வந்துவிட்டது. முகவரிக்கு மட்டும் வேறு ஒரு வழி சொன்னார்கள்: அரசுத் தளங்களுக்கு ‘அரசுத் தளம்’ என்று ஒரு முத்திரை போட்டுவிடுகிறோம், முகவரி வேண்டாம் என்று.

சிட்டாவுக்கு வந்த அம்மாவுக்கு இது போதும். மாந்தோப்புப் பெரியவருக்குப் போதாது. வேளாண் பல்கலைக்கழகத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி’ என்று முடிவதில்லை, ‘ஏசி டாட் இன்’ என்று முடிகிறது. முத்திரை முறை வந்தால் அது முத்திரை இல்லாத தளமாகி, மருந்து விற்கும் தளங்களோடு ஒன்றாக நிற்கும். இதை விளக்கி மறுபடி எழுதியிருக்கிறேன். முகவரி வரி உள்ள பதிப்பு ஒன்றும் முத்திரை மட்டும் உள்ள பதிப்பு ஒன்றும் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த சுற்றை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். அங்கே வீட்டில் தெலுங்கும் கன்னடமும், கடையிலும் அலுவலகத்திலும் தமிழும் பேசுகிற குடும்பங்கள் அதிகம். மைக் எந்த மொழியில் கேட்க வேண்டும் என்று மாற்றும் இடம் அமைப்புகளுக்குள் ஆழத்தில் இருப்பதால், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.